ஜாக்சனில் புதன்கிழமை நண்பகல்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜாக்சனில் புதன்கிழமைதோறும் நண்பகல் 12 மணிக்கு ஒரு சொற்பொழிவு நடக்கிறது. நார்த் தெருவில் மாநில அரசின் இரண்டு அருங்காட்சியகங்கள் ஒரே கூரையின்கீழ் இயங்கும் கட்டடத்தின் அரங்கம்தான் இடம். நுழைவுக் கட்டணம் கிடையாது. மதிய உணவு இடைவேளையில் அலுவலகத்தை விட்டு வந்துபோகிறவர்களுக்கு ஏற்ற நேரம். பேசுபவர் ஒரு வாரம் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருப்பார், மறுவாரம் பத்திரிகையாளராகவோ சொந்த ஊரின் வரலாற்றைத் தேடித் தொகுத்த ஆர்வலராகவோ இருப்பார். பேச்சு முடிந்ததும் கேள்விகள். ஒரு மணிக்கெல்லாம் கூட்டம் கலைந்துவிடும். வர முடியாதவர்கள் இணையத்தில் நேரலையாகப் பார்க்கலாம். நிகழ்ச்சியின் பெயர் 'ஹிஸ்டரி இஸ் லஞ்ச்'.

சொற்பொழிவு நடத்துவது எந்த அருங்காட்சியகத்துக்கும் வாடிக்கையான காரியம். இங்கே கவனிக்க வேண்டியது, நடத்துபவர் யார் என்பது. மிசிசிப்பி ஆவணங்கள் மற்றும் வரலாற்றுத் துறை என்னும் மாநில அரசுத் துறை இதை நடத்துகிறது. அங்கே திரும்பத் திரும்ப வரும் பொருள்களில் ஒன்று, அதே மாநில அரசு தன் கறுப்பினக் குடிமக்களுக்கு என்ன செய்தது என்பது. வாக்குரிமையை மறுத்தது, கொலைகாரர்களைத் தப்பவிட்டது, வேவு பார்த்தது எல்லாம் அதில் அடக்கம். குற்றம் சாட்டப்பட்டவரே சாட்சிக் கூண்டைச் செய்து, சாட்சிகளை அழைத்துவந்து, அவர்கள் கையில் ஒலிபெருக்கியையும் கொடுப்பது போன்ற ஏற்பாடு.

இது எவ்வளவு தூரம் நேர்மையாக நடக்க முடியும்? காட்சிக்கூடங்களை மட்டும் பார்த்து விடை சொல்லிவிட முடியாது என்பது என் எண்ணம். காட்சிக்கூடத்தின் வாசகம் ஒருமுறை எழுதி, பல மேசைகளில் ஒப்புதல் வாங்கி, சுவரில் ஏற்றப்படுவது. அடுத்த மாதம் யாரைப் பேச அழைப்பது, எந்த நாளில் எதை நினைவுகூர்வது, பள்ளிப் பிள்ளைகளை எந்தக் கூடம் வரை அழைத்துப்போவது என்பவை ஓயாமல் எடுக்க வேண்டிய முடிவுகள். ஓர் அரசு அருங்காட்சியகத்தின் துணிவும் தயக்கமும் அந்த முடிவுகளில்தான் தெரியவரும்.

அமெரிக்காவில் குடிமை உரிமை அருங்காட்சியகங்களுக்குப் பஞ்சமில்லை. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட மெம்ஃபிஸ் லொரேன் விடுதியில் 1991இல் ஒன்று திறந்தார்கள். அலபாமாவின் பர்மிங்ஹாமில் 1992இல் ஒன்று வந்தது. அவற்றை நடத்துபவை தனி அமைப்புகள். ஒரு மாநில அரசே பணம் போட்டுக் கட்டி, தன் துறையின் கீழ் நடத்தும் முதல் குடிமை உரிமை அருங்காட்சியகம் மிசிசிப்பியினுடையது. அங்கே நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் அலுவலர் அரசு ஊழியர். அவருடைய துறைக்கு நிதி ஒதுக்குவது சட்டமன்றம்.

அந்தச் சட்டமன்றம் இதற்கு ஒப்புக்கொண்ட கதை அவ்வளவு உன்னதமானதல்ல. அருங்காட்சியகத்தைக் கறுப்பினத்தவருக்கான பழைய கல்லூரிகளில் ஒன்றான டூகலூவில் அமைக்கலாம் என்று 2008இல் ஒரு குழு பரிந்துரைத்தது. பணம் வரவில்லை, திட்டம் தூங்கியது. அப்போதைய ஆளுநர் ஹேலி பார்பர் குடியரசுக் கட்சிக்காரர். அதிபர் தேர்தலில் நிற்கும் யோசனையும் அவருக்கு இருந்தது. 2010 டிசம்பரில் வெளியான ஒரு பேட்டியில், தன் சொந்த ஊரான யாசூ சிட்டியில் இருந்த வெள்ளையர் குடிமக்கள் மன்றத்தைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லிவைத்தார். கறுப்பினத்தவரின் வேலையையும் கடனையும் முடக்கி இனப் பிரிவினையைக் காப்பதற்கென்றே 1954இல் மிசிசிப்பியில் பிறந்த அமைப்பு அது. நாடெங்கும் கண்டனம் கிளம்பியது. சில வாரங்களில், 2011 ஜனவரியில், சட்டமன்ற உரையில் குடிமை உரிமை அருங்காட்சியகத்தைக் கட்ட வேண்டும் என்று அவரே வலியுறுத்தினார். அந்த ஆண்டு, பேருந்துப் பயணத்தில் இனப் பிரிவினையை எதிர்த்த 'விடுதலைப் பயணிகள்' ஜாக்சனில் வந்திறங்கிக் கைதானதன் ஐம்பதாம் ஆண்டும்கூட. பழைய பயணிகள் ஜாக்சனில் கூடியபோது ஆளுநர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். சட்டமன்றம் அருங்காட்சியகம் ஒன்றுக்கு 2 கோடி டாலர் வீதம் இரண்டுக்குக் கடன் பத்திரம் வெளியிட அனுமதித்தது. அரசின் செலவு பின்னர் ஏறக்குறைய 9 கோடி டாலரைத் தொட்டது. அரசியல் கணக்கில் பிறந்த நல்ல காரியங்கள் உலகில் எத்தனையோ உண்டு. இதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏன் இரண்டு? மாநிலத்தின் பொது வரலாற்று அருங்காட்சியகம் பழைய தலைமைச் செயலகக் கட்டடத்தில் இருந்தது. 2005இல் கத்ரீனா புயல் அதன் கூரையைப் பிய்த்ததில் அந்த அருங்காட்சியகத்துக்குப் புது இடம் தேட வேண்டியதாயிற்று. அது வேண்டும் என்பவர்களும் குடிமை உரிமை அருங்காட்சியகம் வேண்டும் என்பவர்களும் ஒரே மசோதாவுக்கு வாக்களித்தார்கள். கட்டடம் எழுந்ததும் வேறொரு முணுமுணுப்பு கேட்டது. மிசிசிப்பி வரலாறு ஒரு பக்கம், கறுப்பினத்தவர் போராட்டம் இன்னொரு பக்கம் என்றால், பள்ளிக்கூடங்களையும் பேருந்துகளையும் இரண்டாகப் பிரித்த பழைய புத்தியே கட்டடக்கலையாக வந்து நிற்கிறதே என்றார்கள். நியாயமான குறைதான். கட்டடத்துக்குள் நுழைவாயில் ஒன்று, முகப்புக் கூடம் ஒன்று. ஆனாலும் வலது இடது என்று பிரிந்து போகும்போது ஒரு கூட்டம் ஒரு பக்கமே சாய வாய்ப்புண்டு.

இந்தக் குறையை ஓரளவு சரிசெய்வது பொது நிகழ்ச்சிகள்தான். ஏனென்றால் அரங்கம் ஒன்றே. ஒரு புதன்கிழமை விக்ஸ்பர்க் முற்றுகை, அடுத்த புதன்கிழமை சாக்டா பழங்குடியினர், அதற்கடுத்து புளூஸ் இசை, பிறகு ஒரு கும்பல் கொலையின் வரலாறு என்று நிரல் கலந்து ஓட முடியும். உள்நாட்டுப் போரின் பீரங்கிகளைப் பற்றிக் கேட்க வந்து பழகிய ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், அதே நாற்காலியில் அதே நேரத்துக்கு மறுவாரமும் வந்து உட்காரும்போது, தானாகத் தேடிப் போயிருக்கமாட்டாத ஒரு கதையைக் கேட்க நேர்கிறது. தனியாக 'இன நல்லிணக்கக் கருத்தரங்கு' என்று அறிவித்தால் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள் மட்டுமே வருவார்கள். பழக்கத்தின் பேரில் வருகிறவரைப் பிடித்து உட்காரவைப்பது வாராந்தர நிகழ்ச்சியால் மட்டும் ஆகிற காரியம்.

திறப்பு விழாவே இந்த அருங்காட்சியகத்தின் முதல் பொது நிகழ்ச்சி. அது கோணலாகத்தான் நடந்தது. மிசிசிப்பி மாநிலமாகி 200 ஆண்டு நிறையும் தறுவாயில், 2017 டிசம்பர் 9 அன்று திறப்பு. அதிபர் டொனால்ட் டிரம்ப்பை அன்றைய ஆளுநர் அழைத்தார். அதை எதிர்த்து, நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஜான் லூயிஸும் பென்னி தாம்சனும் வர மறுத்தார்கள். ஜான் லூயிஸ் 1961இல் விடுதலைப் பயணியாக இதே ஜாக்சனில் கைதாகி பார்ச்மன் சிறைப்பண்ணையில் இருந்தவர். சுவரில் இருப்பது அவருடைய கதை. டிரம்ப் உள்ளே ஒரு சிறிய கூட்டத்தில் பேசிவிட்டுக் கிளம்பினார். வெளியே குளிரில் நடந்த பொது விழாவில், கொலையுண்ட குடிமை உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸின் மனைவி மைர்லி எவர்ஸ் பேசினார். ஒரே நாளில் உள்ளே ஒரு விழா, வெளியே ஒரு விழா.

இந்த நிகழ்ச்சிகளை நடத்தும் துறையின் பூர்வீகத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1902இல் தொடங்கப்பட்டது, அமெரிக்க மாநில ஆவணத் துறைகளில் அலபாமாவுக்கு அடுத்துப் பழையது. முதல் இயக்குநர் டன்பர் ரோலண்ட் 1937 வரை பதவியில் இருந்தார். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸின் கடிதங்களையும் உரைகளையும் பத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்தவர் அவர். தோற்ற தரப்பின் பெருமையைச் சேமிப்பது அக்காலத் தென்மாநில ஆவணக் காப்பகங்களின் முதல் வேலையாக இருந்தது. எதைச் சேமிக்கிறோம் என்பதே அரசியல் என்று நாம் இன்று சொல்வதை, ரோலண்ட் எந்தக் கோட்பாடும் படிக்காமல் செய்துகாட்டினார்.

அந்தத் துறையின் பெட்டகத்துக்கு 1977இல் வந்து சேர்ந்தவைதான் மாநில இறையாண்மை ஆணையத்தின் கோப்புகள். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்ததை எதிர்க்க, 1956இல் மிசிசிப்பி சட்டமன்றம் உருவாக்கிய ஆணையம் அது. அரசுப் பணத்தில் உளவாளிகளை வைத்து, யார் யார் கூட்டத்துக்குப் போகிறார்கள், யார் வாக்காளராகப் பதிகிறார்கள், யாருடைய கார் எண் என்ன என்று குறித்துவைத்தது. 1973இல் ஆளுநர் நிதியை நிறுத்தினார். 1977இல் ஆணையம் கலைக்கப்பட்டது. கோப்புகளை எரித்துவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. கடைசியில் 50 ஆண்டுகளுக்கு முத்திரையிட்டுப் பூட்டிவைப்பது என்று சட்டம் செய்தார்கள். உடனே வழக்கு வந்தது. இருபது ஆண்டுக்கு மேல் இழுத்து, 1998 மார்ச் 17 அன்று கோப்புகள் திறக்கப்பட்டன. 1,32,000க்கும் மேற்பட்ட பக்கங்கள், ஏறக்குறைய 87,000 பெயர்கள். பின்னர் அவை பெயர் போட்டுத் தேடும்படி இணையத்திலும் ஏற்றப்பட்டன.

அந்தப் பெயர்களில் ஒருவரை மட்டும் அருகே போய்ப் பார்க்கலாம். கிளைட் கென்னர்ட். கொரியப் போரில் பணியாற்றிய படைவீரர். ஹாட்டிஸ்பர்க் அருகே கோழிப்பண்ணை வைத்திருந்தார். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த மிசிசிப்பி தெற்குக் கல்லூரியில் சேர 1950களில் மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். அது வெள்ளையர் கல்லூரி. இறையாண்மை ஆணையம் அவருடைய வங்கிக் கணக்கு முதல் குணநலன் வரை துருவியது. 1959இல் கல்லூரி முதல்வரைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, காரில் மதுப்புட்டிகள் இருந்ததாகச் சொல்லிக் கைது செய்தார்கள். 1960இல் 25 டாலர் மதிப்புள்ள கோழித் தீவனத்தைத் திருடத் தூண்டினார் என்று வழக்கு. முழுக்க வெள்ளையரே இருந்த நடுவர் குழு பத்து நிமிடத்தில் முடிவு சொன்னது. தண்டனை ஏழு ஆண்டு. பார்ச்மனில் குடல் புற்றுநோய் முற்றிய பிறகு விட்டார்கள். 1963 ஜூலை 4 அன்று, 36 வயதில் இறந்தார். 2005இல் இல்லினாய் மாநிலத்துப் பள்ளி மாணவிகள் மூவர் தங்கள் ஆசிரியரோடு வரலாற்றுப் போட்டிக்காக இந்த வழக்கைக் கையில் எடுத்தார்கள். பத்திரிகையாளர் ஜெரி மிட்சல் தேடிப்பிடித்த பழைய சாட்சி, தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார். இறந்துபோனவருக்கு மன்னிப்பு ஆணை தரும் வழக்கமில்லை என்று ஆளுநர் பார்பர் கைவிரித்தார். 2006இல் நீதிமன்றம் கென்னர்ட்டைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. பள்ளி மாணவிகள் இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் அவர்களுடைய ஆர்வம் மட்டுமல்ல, கோப்புகள் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததும்தான்.

விடுதலைப் பயணிகளின் கதையும் இப்படியே. 1961இல் ஜாக்சனில் கைதான 300க்கும் மேற்பட்டவர்களைக் காவல்துறை எடுத்த படங்களை இறையாண்மை ஆணையம் சேகரித்துப் பத்திரப்படுத்தியது, எதிர்காலத்தில் இவர்களை அடையாளம் காண. வேவுக்காகச் சேர்த்த அந்த முகங்களை வைத்து எரிக் எத்தரிட்ஜ் 2008இல் ஒரு நூல் செய்தார். இன்று அருங்காட்சியகத்தின் சுவரில் வரிசை வரிசையாக இருப்பவையும் அவையே. உளவுத்துறையின் ஒழுங்கான கோப்புப் பராமரிப்புக்கு நன்றி சொல்ல வேண்டிய விசித்திர நிலை.

மெட்கர் எவர்ஸ் வழக்கு இதைவிடக் கூர்மையானது. அவர் 1963 ஜூன் 12 அன்று, நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்பியபோது தன் வீட்டு முற்றத்தில் சுடப்பட்டார். பைரன் டி லா பெக்வித் மீது 1964இல் இரண்டு முறை வழக்கு நடந்தது. இரண்டிலும் நடுவர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மாநில அரசு ஒரு கையால் பெக்வித் மீது வழக்கு நடத்திக்கொண்டிருந்தபோது, மறுகையான இறையாண்மை ஆணையம் எதிர்த்தரப்புக்காக நடுவர்களாக வரக்கூடியவர்களின் பின்னணியை விசாரித்துக் கொடுத்திருக்கிறது. கோப்புகள் பூட்டில் இருந்த 1989இல், கசிந்துவந்த ஆவணங்களை வைத்து மிட்சல் இதை எழுதினார். வழக்கு மறுபடி திறந்தது. 1994 பிப்ரவரி 5 அன்று பெக்வித்துக்கு ஆயுள் தண்டனை. கொலைக்குப் பயன்பட்ட துப்பாக்கி, அதற்குள் இறந்துபோயிருந்த ஒரு நீதிபதியின் வீட்டில் கிடைத்தது. அது இப்போது அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

காட்சிக்கூடங்களைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டுக் கூடங்கள், பெரும்பாலும் 1945 முதல் 1976 வரையிலான காலம். 1945ஐத் தொடக்கமாகக் கொண்டது பொருத்தம். ஹிட்லரை எதிர்த்துப் போரிட்டுவிட்டுத் திரும்பிய கறுப்பின வீரர்கள்தான் அடுத்த தலைமுறையின் தலைவர்கள். நார்மண்டியிலிருந்து வந்த எவர்ஸ், 1946இல் தன் 21ஆம் பிறந்தநாளில் வாக்களிக்கப் போய் ஆயுதம் ஏந்திய கும்பலால் விரட்டப்பட்டார். சில கூடங்கள் வேண்டுமென்றே இருண்டு குறுகியிருக்கின்றன. கும்பல் கொலையில் மாண்ட 600க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறித்த பலகைகள் நிற்கின்றன. எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் 1955இல் கொல்லப்படுவதற்கு முன் நுழைந்து வெளியே வந்த மளிகைக் கடையின் கதவுகள் இருக்கின்றன. நடுவே வட்டமான வெளிச்சக் கூடம்; ஆட்கள் கூடக்கூட அங்கே தொங்கும் ஒளிச்சிற்பம் பிரகாசமாகி, பாட்டும் ஓங்குகிறது. இந்த உத்தி கொஞ்சம் நாடகத்தனமாகத் தோன்றினாலும், அடுத்த இருட்டுக்குப் போகுமுன் மூச்சு வாங்க ஓர் இடம் தேவைப்படத்தான் செய்யும்.

1976இல் நிறுத்தியது மட்டும் எனக்கு உறுத்தல். மிசிசிப்பியில் 1964 வாக்கில் கறுப்பினத்தவரில் 6.7 விழுக்காட்டினர்தான் வாக்காளர்களாகப் பதிந்திருந்தார்கள். வாக்குரிமைச் சட்டம் வந்தபின் 1967இல் அது 59.8. இப்படி ஏறுமுகமாகக் கதை முடிந்தால் பார்வையாளர் நிம்மதியாக வெளியே வரலாம். ஆனால் கறுப்பினத்தவரின் வாக்கைப் பறிக்கவென்று எழுதப்பட்ட 1890 அரசமைப்புச் சட்டம்தான் அந்த மாநிலத்தில் இன்றும் நடப்பில் உள்ளது. குறிப்பிட்ட குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்கள் ஆயுளுக்கும் வாக்கிழக்கும் பிரிவைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் செல்லும் என்றது. 2022 ஆகஸ்ட்டில், ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவராக உள்ள ஜாக்சன் நகரில் குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. காட்சிக்கூடம் தொடாத இந்த ஐம்பது ஆண்டுகளைத் தொடும் வசதி பேச்சரங்குக்கு உண்டு. சுவரை மாற்றப் பல ஆண்டும் பல கோடியும் ஆகும். பேச்சாளரை அழைக்க ஒரு கடிதம் போதும்.

மதிய உணவு நேரத்தில் வரலாறு பேசுவதற்கு இந்த நகரத்தில் தனிப் பொருத்தம் உண்டு. அருங்காட்சியகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள கேபிடல் தெருவில்தான் வுல்வொர்த் கடையின் சிற்றுண்டிப் பகுதி இருந்தது. 1963 மே 28 அன்று டூகலூ மாணவர்கள் வெள்ளையருக்கான இருக்கைகளில் போய் உட்கார்ந்தார்கள். மெம்ஃபிஸ் நார்மன் என்ற மாணவரைக் கீழே தள்ளி, ஒரு முன்னாள் காவலர் மிதித்தார். ஆன் மூடி, பெர்லினா லூயிஸ், வெள்ளையினத்தவரான ஜோன் டிரம்பவர், பேராசிரியர் ஜான் சால்ட்டர் முதலானோர் மீது கும்பல் தக்காளிச் சாறும் கடுகுச் சாறும் சர்க்கரையும் கொட்டியது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காட்சியை ஃப்ரெட் பிளாக்வெல் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. இரண்டு வாரத்தில் எவர்ஸ் கொல்லப்பட்டார்.

ஓராண்டு கழித்து, 1964 மே இறுதியில், ஜாக்சனில் இன்னொரு சாப்பாட்டுக் கடையில் வேட்டி கட்டிய ஒருவருக்கு உணவு மறுக்கப்பட்டது. அவர் இந்திய நாடாளுமன்ற உறுப்பினர் ராம் மனோகர் லோகியா. டூகலூ கல்லூரிக்கு வந்திருந்தவர், மாரிசன் உணவகத்துக்குப் போனார்; நிறத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். திரும்பவும் போனபோது காவல்துறை பிடித்து வண்டியில் ஏற்றியது. அமெரிக்க வெளியுறவுத் துறை மன்னிப்புக் கேட்டது. அந்த நாள்களில் இந்தியப் பத்திரிகைகளை நிறைத்தது நேருவின் மரணச் செய்தி. அதனால்தானோ என்னவோ, நம்மில் பலருக்கு லோகியாவின் இந்த ஜாக்சன் கைது தெரியாது. ஐந்து வாரம் கழித்து, ஜூலை 2 அன்று, உணவகங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார்.

புதன் நண்பகல் என்ற நேரத்துக்கு ஒரு குறையும் உண்டு. அந்த வேளையில் எழுந்து வரக்கூடியவர்கள் ஓய்வுபெற்றவர்களும் அலுவலக உத்தியோகஸ்தர்களும்தான். கோழி வெட்டும் ஆலையிலும் கடைகளிலும் மணிக்கணக்குக் கூலிக்கு நிற்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்காது. இந்த வரலாற்றைச் சுமந்த குடும்பங்களில் பலர் அந்த வேலைகளில் இருக்கிறார்கள். பதிவுகள் இணையத்தில் நிற்பது இதற்குப் பாதி மருந்து. மீதிப் பாதிக்கு ஜனவரியிலும் ஜூனிலும் நடக்கும் விழாக்கள், மாலை நிகழ்ச்சிகள், பள்ளிச் சுற்றுலாக்கள் உதவ வேண்டும்.

ஜனவரி விழாவே ஒரு சங்கடத்துக்கு நடுவில்தான் நடக்கிறது. அம்மாதத்தின் மூன்றாம் திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நாள். நாடு முழுவதும் விடுமுறை. மிசிசிப்பியில் அதே திங்கள், கூட்டமைப்புப் படைத்தளபதி ராபர்ட் லீக்கும் அரசு விடுமுறை. ஏப்ரல் மாதத்தைக் கூட்டமைப்புப் பாரம்பரிய மாதம் என்று ஆளுநர்கள் பிரகடனம் செய்வதும் வழக்கம். ஒரே அரசு ஒரே நாளில் இரண்டு பேரையும் வணங்குகிறது. அருங்காட்சியகம் அவர்களில் ஒருவருக்காகக் கதவைத் திறந்துவைக்கிறது.

கொடி விஷயத்தில் மட்டும் அரசும் அருங்காட்சியகமும் ஒரே பக்கம் நின்றன. கூட்டமைப்பின் போர்ச்சின்னத்தை மூலையில் தாங்கிய மாநிலக் கொடி 1894 முதல் பறந்தது. 2001 வாக்கெடுப்பில் மூன்றில் இரு பங்கினர் அளவுக்கு அதையே விரும்பினார்கள். காவலர் ஒருவரால் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு எழுந்த அலையில், 2020 ஜூன் இறுதியில் சட்டமன்றம் அதை நீக்கியது. ஜூலை 1 அன்று தலைமைச் செயலகத்தில் இறக்கப்பட்ட கொடி, மரியாதையோடு இந்த அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. பெற்றுக்கொண்டவர் ரூபன் ஆண்டர்சன், மாநில உச்ச நீதிமன்றத்தில் 1985இல் அமர்ந்த முதல் கறுப்பின நீதிபதி. புதுக் கொடிக்கான குழுவுக்கும் அவரே தலைவர். மக்களிடமிருந்து ஏறக்குறைய 3,000 வடிவங்கள் வந்தன. இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்தையும் பழைய தலைமைச் செயலகத்தின் முன் ஏற்றிக் காட்டினார்கள். நவம்பரில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மக்னோலியா மலர் கொண்ட கொடியை ஏற்றார்கள். இருபதாண்டுக்குள் ஒரு மாநிலம் இவ்வளவு தூரம் நகர்ந்ததற்கு அருங்காட்சியகம் காரணம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். கல்லூரி விளையாட்டு அமைப்புகளும் வணிக நிறுவனங்களும் கொடுத்த நெருக்கடி பெரிது. இறக்கிய கொடியைக் குப்பையிலும் போடாமல் கம்பத்திலும் விடாமல் கொண்டுவைக்க ஓர் இடம் இருந்தது என்பது வரை சொல்லலாம்.

அதே சட்டமன்றம் 2022 மார்ச்சில் வேறொரு சட்டம் செய்தது. எந்த இனமோ பாலினமோ பிறவியிலேயே உயர்ந்தது தாழ்ந்தது என்று ஒப்புக்கொள்ளும்படி மாணவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். மேலோட்டமாகப் படித்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலவையில் வாக்கெடுப்பு வந்தபோது கறுப்பின உறுப்பினர்கள் அனைவரும் வெளிநடப்புச் செய்தார்கள். எங்கும் கற்பிக்கப்படாத ஒன்றைத் தடைசெய்வதாகச் சொல்லி, கற்பிக்க வேண்டியதை ஆசிரியர் தொட அஞ்சும்படி செய்கிறது என்பது அவர்கள் தரப்பின் கவலை. 2011இல் இதே மாநிலம் குடிமை உரிமை வரலாற்றைப் பாடத்திட்டத்தில் கட்டாயமாக்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டாயப் பாடம் ஒரு கையில், எச்சரிக்கைச் சட்டம் மறுகையில். அந்த நிலையில் ஓர் ஆசிரியருக்குப் பாதுகாப்பான வழி, பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி நார்த் தெருவுக்கு அழைத்துவருவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே சொல்வது அரசின் குரல். பெற்றோர் யாரும் ஆசிரியரைக் கேட்க முடியாது. அருங்காட்சியகத்தின் பள்ளி நிகழ்ச்சிகளும் ஆசிரியர் பயிலரங்குகளும் பேச்சரங்கைவிட முக்கியமாவது இதனால்தான்.

சாட்சிகளுக்கு வயதாகிவிட்டது. 1961இல் இருபது வயதில் பார்ச்மனுக்குப் போனவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். ஜான் லூயிஸ் 2020இல் மறைந்தார். இந்த அருங்காட்சியகத்துக்காகப் பல்லாண்டு உழைத்த முன்னாள் ஆளுநர் வில்லியம் வின்ட்டரும் அதே ஆண்டில் போனார். இனி அரங்கில் பேசப்போவது நேரில் கண்டவர்கள் அல்லர், அவர்களுடைய பிள்ளைகளும் ஆய்வாளர்களும். கண்ணால் பார்த்தவர் சொல்லும்போது ஆதாரம் கேட்கத் தோன்றாது. அடுத்தவர் சொன்னால் கேட்பார்கள். அப்போது பொருளும் காகிதமும் வேண்டும். எம்மெட் டில் கொல்லப்பட்டதன் எழுபதாம் ஆண்டு நாளான 2025 ஆகஸ்ட் 28 அன்று, கொலையாளிகளில் ஒருவரான மைலமின் கைத்துப்பாக்கி அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்ததாக அறிவித்தார்கள். 1955இல் நடுவர் குழு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் கூடி விடுதலை செய்த வழக்கின் ஆயுதம் அது. எழுபது ஆண்டுக்குப் பிறகும் தனியார் வீடுகளிலிருந்து சான்றுகள் வந்துகொண்டிருக்கின்றன என்றால், கொண்டுவந்து கொடுக்கலாம் என்று நம்பும் ஓர் இடம் ஏற்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இத்தனை நிகழ்ச்சிகளின் பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

சட்டமன்றம் நினைத்தால் நிதியைக் குறைக்கலாம், துறைத் தலைமையை நெருக்கலாம், கூடங்களின் வாசகத்தைத் திருத்தச் சொல்லலாம். இணையத்தில் ஊர் முழுக்கப் படியெடுத்துவிட்ட கோப்புகளை மறுபடி பூட்ட முடியாது. 1977இல் செய்த சட்டம் அப்படியே நின்றிருந்தால், இறையாண்மை ஆணையத்தின் கோப்புகள் திறக்கப்பட வேண்டிய நாள் 2027 ஜூலை 1.